டிரைபாட்ல லென்ஸ் ஐஎஸ் (ஆட்டத்தை அடக்கற இமேஜ் ஸ்டெபிலைசர்) ஆன்ல இருந்தா ஃப்ரேம் மிதக்குது – எருது விடும் விழா, கல்யாண வேலைக்கு எப்படி வைக்கணும்?

பதிவு: கேஆர்பி அணைக்கரை (கிருஷ்ணகிரி)

எல்லாருக்கும் வணக்கம். தை பொறந்தா நம்ம பக்கம் ஊருக்கு ஊர் எருது விடும் விழா. அதுக்கும் கல்யாண மண்டப வேலைக்கும் ஒரே கிட்தான். ஃபுல்ஃப்ரேம் மிரர்லெஸ் பாடி, உள்ளயே சென்சார் ஸ்டெபிலைசேஷன் இருக்கு. 70-200 எஃப் 2.8 லென்ஸ்ல ஸ்டெபிலைசர் ஆன்/ஆஃப் ஒரு ஸ்விட்ச், மோட் 1, 2 மாத்த இன்னொரு ஸ்விட்ச். 24-70 லென்ஸ்ல ஸ்டெபிலைசர் கிடையாது. 75 மி.மீ. பவுல் (ஹெட் உக்கார்ற கிண்ணம்) வச்ச ஃப்ளூயிட் ஹெட் டிரைபாட், அடியில மூணு கால் உள்ள மோனோபாட், 2 கிலோ தாங்கற கிம்பல் (மோட்டாரால கேமராவை நிலையா பிடிக்கற கைப்பிடி).

சிக்கல் இதுதான். 200 மி.மீ.ல லாக் பண்ணி கையே வைக்காம விட்டா, ஃப்ரேம் மெதுவா ஒரு பக்கமா நகருது, கொஞ்ச நேரத்துல தானா திரும்பி வருது. தண்ணி மேல வச்ச மாதிரி இருக்கு. ராத்திரி முழுக்க ஓடற பாரதக் கூத்துல ஒரே ஷாட் பத்து நிமிஷம் போகும், அப்போ ரொம்பக் கண்ணுல படுது. அடுத்தது, மெதுவா பேன் பண்ணும்போது (கேமராவை இடவலமா திருப்பும்போது) ஆரம்பத்துல ஒட்டிக்கிட்டு அப்புறம் எகிறுது. நிறுத்தினதுக்கப்புறம் படம் இன்னும் கொஞ்சம் நகர்ந்துதான் நிக்குது. கிம்பல்ல 70-200 போட்டா மெல்லிசா ஒரு அதிர்வு.

லென்ஸ்ல ஐஎஸ் ஆஃப் பண்ணா முதல் ரெண்டும் போயிடுது. ஆனா மண்டபத்துல பலகை மேல நின்னு எடுக்கும்போது ஆளுங்க நடந்தாலே படம் ஆடுது. எந்த சப்போர்ட்டுக்கு எப்படி வைக்கறது? பாடியில இருக்கறத தனியா அணைக்கணுமா? ஏற்கெனவே எடுத்த கூத்து கிளிப்பைச் சரி பண்ண வழி உண்டா?

———

பதில் 1: பாலக்கோடு ஃப்ரேம்

தம்பி, உங்க லென்ஸ்ல கோளாறு இல்லை. அது எந்த வேலைக்குப் பொறந்ததோ அந்த வேலையைத்தான் செய்யுது, நீங்க வச்ச இடத்துல அந்த வேலை இல்லை, அவ்வளவுதான்.

லென்ஸுக்குள்ள ரெண்டு குட்டி கைரோ சென்சார் இருக்கு. ஒண்ணு மேல்கீழ்ச் சாய்வை அளக்கும், இன்னொண்ணு இடவலத் திருப்பத்தை அளக்கும். எவ்வளவு வேகமா திரும்புதுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். அந்தக் கணக்கை வச்சு ஒரு கண்ணாடித் தொகுதியை காயிலும் காந்தமும் சேர்ந்து பக்கவாட்டில் தள்ளும். கை நடுக்கம் நொடிக்கு சில முறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை வரைக்கும் வரும். அதை அடக்கத்தான் இந்த ஏற்பாடு.

டிரைபாட்ல கேமரா அசையவே இல்லை. ஆனா கைரோ ஒருபோதும் சரியா பூஜ்யம் காட்டாது. உள்ளே சூடு ஏற ஏற அந்தப் பூஜ்யமே கொஞ்சம் கொஞ்சமா நகரும். அந்த நகர்வை லென்ஸ் "கேமரா ரொம்ப மெதுவா திரும்புது"ன்னு எடுத்துக்கிட்டு எதிர்ப்பக்கம் கண்ணாடியைத் தள்ளும். ஒரு அளவுக்கு மேல போனதும் நடுவுக்குத் திரும்ப இழுக்கும். நீங்க பாக்கற மிதப்பு அதுதான். கையில பிடிச்சிருந்தா நம்ம நடுக்கத்துல இது மறைஞ்சு போகும்.

200 மி.மீ.ல மட்டும் ஏன் இவ்வளவு தெரியுதுன்னா, கணக்குப் போட்டுப் பாருங்க. ஃபுல்ஃப்ரேம்ல 4கே வீடியோ, அகலம் 3840 பிக்சல். 200 மி.மீ.ல கேமரா ஒரு டிகிரி திரும்பினா படத்தின் நடுப்பகுதி சுமார் 372 பிக்சல் நகரும். 24 மி.மீ.ல அதே ஒரு டிகிரிக்கு 45 பிக்சல்தான். டிகிரியில நூறில் ஒரு பங்கு பிசகினாக்கூட 200ல கிட்டத்தட்ட 4 பிக்சல். திரௌபதி வேஷக்காரர் அசையாம நிக்கறப்போ பின்னால இருக்கற திரை 4 பிக்சல் போயிட்டு வந்தா யார் கண்ணும் பிடிச்சிடும்.

அதனால கெட்டியான தரை, லாக் பண்ண டிரைபாட், ஆள் தொடாத ஷாட் என்றால் ஆஃப். இதுல மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லைன்னு நான் நினைக்கறேன்.

பாடியில இருக்கறதைக் கேட்டீங்க, அது முக்கியமான விஷயம். கேனான் ஆர்5, ஆர்6 மாதிரி பாடியில ஐஎஸ் ஸ்விட்ச் உள்ள லென்ஸ் மாட்டினா, அந்த ஸ்விட்ச்தான் ரெண்டுக்கும் எஜமான். லென்ஸ்ல ஆஃப் பண்ணா சென்சார் ஸ்டெபிலைசேஷனும் நின்னுடும், மெனுவில தனியா தேட வேண்டியதில்லை. இன்னொண்ணு, லென்ஸ் ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தா கேனானோட மூவி டிஜிட்டல் ஐஎஸ் (படத்தோட ஓரத்தை வெட்டி ஆட்டத்தை அடக்கறது) வேலை செய்யாது. வேற கம்பெனி பாடின்னா மெனுவைத் திறந்து பாருங்க. லென்ஸ் மாட்டினதும் ஸ்டெபிலைசர் வரி மங்கலா போயிருந்தா ஸ்விட்ச் கையிலதான் அதிகாரம்னு அர்த்தம். மங்காம இருந்தா அங்கேயும் தனியா அணைக்கணும்.

உங்க 24-70ல ஸ்விட்ச் இல்லை. அதை மாட்டும்போது பாடி மெனுவில் இருக்கறது பழையபடி ஆன்ல நிக்கும். லென்ஸ் மாத்தற அவசரத்துல இதைத்தான் மறப்பாங்க. ஸ்டெபிலைசர் வரியை மை மெனுவில் முதல் பக்கத்துல போட்டு வச்சிடுங்க, இல்லேன்னா ஒரு கஸ்டம் பட்டனுக்குக் கொடுத்திடுங்க.

———

பதில் 2: பர்கூர் பக்கவாட்டு

அண்ணன் சொன்னது லாக் ஷாட்டுக்கு. எருது விடும் விழாவுக்கு வேற கணக்கு, நான் அதை மட்டும் சொல்றேன்.

உங்க பேன் ஏன் ஒட்டிக்கிட்டு எகிறுதுன்னா, லென்ஸுக்கு நீங்க வேணும்னு திருப்பறீங்களா, கை தவறித் திரும்புதான்னு தெரியாது. மெதுவா திருப்பினா அதையும் நடுக்கம்னு நினைச்சு எதிர்த்துப் பிடிக்கும். கண்ணாடித் தொகுதி ஓரம் போய்த் தட்டினதும் விட்டுடும், அப்போ படம் எகிறும். நீங்க நிறுத்தினா, ஓரத்துல நிக்கற கண்ணாடி நடுவுக்கு வரும், அப்போ படம் மறுபடி நகரும். மூணும் ஒரே காரணம்தான்.

25 எஃப்பிஎஸ்ல (நொடிக்கு 25 ஃப்ரேம்) துள்ளல் இல்லாம பேன் பண்ண, ஒரு பொருள் ஃப்ரேமோட ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் போக 7 நொடி ஆகணும்னு ஒரு பழைய கணக்கு உண்டு. 200 மி.மீ.ல ஃப்ரேம் அகலம் 10 டிகிரிக்குக் கொஞ்சம் மேல. அப்போ பேன் வேகம் நொடிக்கு ஒன்றரை டிகிரி. லென்ஸுக்குக் குழப்பம் வர்றதும் இதே மாதிரி மெதுவான வேகத்துலதான். நல்ல பேனுக்கும், எல்லாத் திசை அசைவையும் திருத்தற மோட் 1-க்கும் ஒத்தே வராதுன்னு இதுல இருந்தே தெரிஞ்சிடும்.

இப்போ மாட்டை எடுங்க. ஓடுதளத்துக்கு 30 மீட்டர் தள்ளி மொட்டை மாடியில நிக்கறீங்க. மாடு நொடிக்கு 10 மீட்டர் ஓடுதுன்னு வச்சுக்குவோம். வாடியை விட்டு வரும்போது, உங்களுக்கு நேரான இடத்துக்கு 100 மீட்டர் முன்னால இருக்கு. அப்போ நீங்க திருப்ப வேண்டியது நொடிக்கு 1.6 டிகிரிதான். உங்களுக்கு நேரா வர்ற நொடியில 19 டிகிரி. பத்து நொடிக்குள்ள பேன் வேகம் 12 மடங்கு ஏறுது. மோட் 1 முதல் பாதியில எதிர்த்து நிக்கும், ரெண்டாம் பாதியில கைவிட்டுடும். சரியா மாடு வேகம் எடுக்கற இடத்துல ஃப்ரேம் குதிக்கறது இதனாலதான்.

மோட் 2 இதுக்குன்னே வந்தது. ஒரு திசையில பேன் நடக்குதுன்னு தெரிஞ்சதும் அந்தத் திசையில திருத்தறதை விட்டுட்டு மேல்கீழ் அசைவை மட்டும் பிடிக்கும். ஆனா அதுக்குப் பேன் படுக்கை வசத்துல நேரா இருக்கணும். மாடியில இருந்து கீழ பாத்தா மாடு மூலைக்கு மூலை போற மாதிரிதான் தெரியும், பேனும் டில்ட்டும் (மேல்கீழ் சாய்க்கறது) ஒண்ணா வரும். அப்போ மோட் 2-வும் தடுமாறும். டிரைபாட் பவுல் மட்டம் இல்லாம இருந்தாலும் அதே கதிதான், குமிழியைப் பாக்காம யாரும் பேன் ஆரம்பிக்காதீங்க. மட்டம் பாக்கறதுக்குப் பவுலைத்தான் தளர்த்தணும், கால் உயரத்தைக் கூட்டிக் குறைச்சு நேரத்தை ஓட்டாதீங்க.

என் முறை இது. ஃப்ளூயிட் ஹெட் மேல இருந்தா ஆஃப். மேல்கீழ் நடுக்கத்தை ஹெட்டோட டிராக் (திருப்பும்போது வர்ற இறுக்கம்) பாத்துக்கும். கவுன்ட்டர்பேலன்ஸ் (கேமரா பாரத்தை ஈடு கட்டற ஸ்பிரிங்) சரியா வைங்க: டில்ட் லாக்கைத் தளர்த்தி லென்ஸை 20 டிகிரி கீழ சாய்ச்சு கையை விட்டா அங்கேயே நிக்கணும். மேல எழுந்தா அதிகம், இன்னும் கீழ போனா குறைவு. பேன் டிராக் மாட்டுக்குக் குறைவா, டில்ட் டிராக் அதைவிட ஒரு படி கூட. லென்ஸ் காலரைத்தான் (லென்ஸைச் சுத்தி இருக்கற வளையப் பிடி) பிளேட்ல மாட்டணும், பாடியை மாட்டினா 70-200 முன்பாரம் மவுன்ட்டை இழுத்து ஹெட் எகிறும்.

மோனோபாட்ல நின்னா மட்டும் மோட் 2, ஆன். அடியில மூணு கால் இருந்தாலும் மோனோபாட் முன்னும் பின்னும் சாயத்தான் செய்யும், அந்தச் சாய்வை லென்ஸ் அழகா அடக்கும். சவுக்குக் கம்பு சாரம் கட்டி அதுமேல ஏத்தி விட்டாங்கன்னா டிரைபாட் வேண்டாம், சாரமே ஆடும். அங்கேயும் மோனோபாடும் மோட் 2-வும்தான்.

ஒரு விஷயம், பதினோரு மணிக்கு மேல தார் ரோட்டுப் பக்கம் 200ல எடுத்தா மாட்டோட காலு நெளியும். அது கானல். படத்துல ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி நெளிஞ்சா கானல், மொத்தமா நகர்ந்தா ஸ்டெபிலைசர். கானலை எந்த ஸ்விட்ச்சும் நிறுத்தாது. கிட்ட போங்க, இல்லேன்னா உயரம் ஏறுங்க.

———

பதில் 3: ஓசூர் லாங் ஷாட்

இதெல்லாம் பழைய லென்ஸுக்குன்னு நினைக்கறேன். இப்போ வர்ற லென்ஸ்ல டிரைபாட்டைத் தானே கண்டுபிடிக்கும், ஆன்லயே விட்டுடலாம். எத்தனை முறை ஸ்விட்ச்சைத் தள்ளறது? ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு, கையில எடுத்ததும் ஆன் பண்ண மறந்தா முகூர்த்த ஷாட்டே போச்சு. அந்த நஷ்டம்தான் பெரிசு.

———

பதில் 4: பாலக்கோடு ஃப்ரேம்

மறந்தா போகும்ங்கற பயம் நியாயம்தான், ஒத்துக்கறேன். தாலி கட்டற நேரத்துல கையில கேமரா இருந்தா ஆன்ல இருந்தே ஆகணும்.

ஆனா தானே கண்டுபிடிக்கற வசதியைக் கொஞ்சம் சரியா புரிஞ்சுக்கணும். கேனான் 1995-ல் 75-300 லென்ஸ்ல முதல் முறையா ஐஎஸ் கொண்டு வந்தாங்க. அதுல இந்த வசதி இல்லை. பின்னால வந்த பெரிய டெலி லென்ஸ்கள்லதான் அது சேர்ந்தது. அது எப்படி வேலை செய்யுதுன்னா, கைரோவில் வர்ற சமிக்ஞை ரொம்ப நேரம் ஒரு அளவுக்குக் கீழயே இருந்தா "டிரைபாட்"னு முடிவெடுத்துத் திருத்தத்தைக் குறைக்கும் இல்லேன்னா நிறுத்தும். ஸ்டில் போட்டோவுக்கு இது போதும். வீடியோல நம்ம கை எப்பவும் பேன் கம்பி மேல இருக்கும். கையை வச்ச உடனே சமிக்ஞை ஏறும், லென்ஸ் மறுபடி விழிச்சுக்கும். ஒரே ஷாட்ல தூங்கி விழிச்சு, தூங்கி விழிச்சு இருந்தா அந்த மாற்றமே படத்துல ஒரு சின்னத் தாவலா தெரியும். எல்லா லென்ஸுக்கும் இந்த வசதி கிடையவும் கிடையாது. உங்க லென்ஸ் கூட வந்த கையேட்டுல டிரைபாட் பத்தி ஒரு வரி கண்டிப்பா இருக்கும், அதைப் படிச்சுட்டு முடிவெடுங்க.

கையேட்டை விட நம்பகமானது பத்து நிமிஷ சோதனை. 200 மி.மீ., 4கே, 25 எஃப்பிஎஸ், ஷட்டர் 1/50, ஃபோகஸ் மேனுவல். ஃபோகஸை மேனுவல்ல போடறது முக்கியம். ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) தேடினா ஃப்ரேம் சுருங்கி விரியும், அதை ஸ்டெபிலைசர்னு தப்பா எடுத்துக்குவோம். நாற்பது அம்பது மீட்டர் தள்ளி இருக்கற சுவர் மூலையோ கோபுரத்து ஓரமோ, கூர்மையான நேர்க்கோடு உள்ள ஒண்ணைப் பாருங்க. தொடாம ஆஃப்ல ரெண்டு நிமிஷம், ஆன்ல ரெண்டு நிமிஷம். அப்புறம் கம்பியை லேசா பிடிச்சுக்கிட்டே ஒரு நிமிஷம். கடைசியா மூணு பேன், மூணையும் திடீர்னு நிறுத்துங்க.

எடிட்ல கிளிப்போட முதல் ஃப்ரேமை ஃப்ரீஸ் பண்ணி மேல் வீடியோ டிராக்ல போட்டு, கம்போசிட் மோடை டிஃபரன்ஸ்னு வைங்க. அசைவே இல்லேன்னா திரை கறுப்பா இருக்கும். நகர்ந்தா சுவர் ஓரத்துல வெள்ளைக் கோடு முளைக்கும், நகர நகர அது தடிமனாகும். கண்ணால பாத்து விவாதம் பண்ண வேண்டியதே இல்லை.

அந்த வெள்ளைக் கோடு எப்படி வளருதுன்னும் பாருங்க. ஒரே திசையில போய் அப்படியே நின்னுட்டா அது டிரைபாட் இறங்கினது: டில்ட் லாக் சறுக்கியிருக்கும், கால் கிளாம்ப் தளர்ந்திருக்கும், இல்லேன்னா ஈர மண்ணுல கால் புதைஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் போய்ப் போய் வந்தா ஸ்டெபிலைசர்.

———

பதில் 5: தொப்பூர் வளைவு

கிம்பலும் மண்டபப் பலகையும் மீதி இருக்கு, அதை நான் எழுதறேன்.

கிம்பல்ல முதல்ல எடை பாருங்க. உதாரணத்துக்கு கேனான் 70-200 எஃப் 2.8 இஎஃப் மவுன்ட் இரண்டாம் பதிப்பு 1,490 கிராம். ஆர்6 மார்க் 2 பேட்டரி கார்டோட 670. மவுன்ட் அடாப்டர் 110. மொத்தம் 2,270 கிராம். உங்க கிம்பல் 2 கிலோ தாங்கறதுன்னு சொன்னீங்க. டிஜேஐ ஆர்எஸ் 3 மினியோட அளவும் அதேதான். மேல பிளேட், மைக் எல்லாம் சேர்ந்தா இன்னும் ஏறும். மோட்டார் முழு பலத்தையும் கொடுத்துத் தாங்கிக்கிட்டிருக்கும், அதுல இருந்து வர்றதுதான் அந்த மெல்லிய நடுக்கம். லென்ஸ்ல எந்த மோட் வச்சாலும் இது போகாது. 3 கிலோ தாங்கற கிம்பலுக்குப் போங்க, இல்லேன்னா கிம்பல்ல 24-70 மட்டும்னு வச்சுக்குங்க.

எடை சரியா இருந்தும் நடுக்கம் வந்தா பேலன்ஸைப் பாக்கணும். லென்ஸ் மூடியைக் கழட்டிட்டு, ஹுட் போடறதா இருந்தா போட்டுட்டு, எந்த ஜூம்ல எடுக்கப் போறீங்களோ அதுல வச்சு பேலன்ஸ் பண்ணுங்க. உள்ளேயே ஜூம் ஆகற லென்ஸ்ல பாரம் அதிகம் மாறாது. நீண்டு வெளிய வர்ற லென்ஸ்ல ஜூமை மாத்தின உடனே முன்பாரம் ஏறிடும். டில்ட் முதல்ல, அப்புறம் ரோல், கடைசியா பேன். ஒவ்வொரு அச்சிலயும் கேமராவை எந்தக் கோணத்துல விட்டாலும் அங்கேயே நிக்கணும். அதுக்கப்புறம் லென்ஸ் ஐஎஸ், பாடி ரெண்டையும் அணைச்சுட்டு ஆட்டோ டியூன் (மோட்டார் பலத்தைக் கிம்பலே அமைச்சுக்கறது). டியூன் முடிஞ்சும் கைப்பிடியில விரல் வச்சா ரீங்காரம் தெரிஞ்சா மோட்டார் பலத்தை அஞ்சு அஞ்சா குறைச்சுக்கிட்டே வாங்க, ரீங்காரம் நின்ன இடத்துல விட்டுடுங்க.

கிம்பல்லயும் கைரோ, லென்ஸ்லயும் கைரோ. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கிம்பல் திருத்தின அசைவை லென்ஸும் திருத்தப் பாக்கும். நீங்க ஜாய்ஸ்டிக்ல திருப்பினா அதை லென்ஸ் எதிர்க்கும். அகல லென்ஸ்ல பாடி ஸ்டெபிலைசரும் ஆன்ல இருந்தா படத்தின் மூலை நாலும் ஜெல்லி மாதிரி ஆடும், நடுவுல ஒண்ணும் தெரியாது. 35 மி.மீ.க்குக் கீழ ரெண்டும் ஆஃப்னு வச்சுக்குங்க. 70ல இருந்து மேல போனா கிம்பல் விட்டுவைக்கற பொடி நடுக்கம் தெரிய ஆரம்பிக்கும், அங்க லென்ஸை ஆன் பண்ணிச் சோதிச்சுப் பாக்கலாம், சில ஜோடிக்கு நல்லா வரும். டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷன், ஆக்டிவ் மாதிரி பேர்ல வர்றது எதுவும் கிம்பல் மேல வேண்டவே வேண்டாம்.

நடக்கும்போது படம் மேலயும் கீழயும் ஏறி இறங்கறதைக் கிம்பலும் அடக்காது, லென்ஸும் அடக்காது. ரெண்டும் திருப்பத்தைத்தான் திருத்தும், மொத்தமா ஏறி இறங்கறது வேற. மாப்பிள்ளை அழைப்புல கூடவே நடந்துக்கிட்டு எடுக்கும்போது முழங்காலை மடிச்சு, குதிகாலை முதல்ல ஊன்றிப் போகணும். அதுக்கு ஸ்விட்ச் கிடையாது.

இப்போ மண்டபம். பலகை ஆட்டத்துல மூணு வகை இருக்கு. ஆளு நடக்கறது நொடிக்கு ரெண்டு மூணு தட்டல். இதை லென்ஸ் நல்லாப் பிடிக்கும். ஸ்பீக்கர் பேஸ் நொடிக்கு 40, 60 முறை அதிரும். வெளிய நிக்கற ஜெனரேட்டர் வண்டி 1500 ஆர்பிஎம்ல ஓடினா நொடிக்கு 25 சுற்று, அந்த அதிர்வு தரை வழியா வரும். இந்த ரெண்டும் கை நடுக்கத்தோட வேகத்தைத் தாண்டினது, லென்ஸ் ஓடிப் பிடிக்க முடியாது. சில நேரம் பிடிக்கப் போய் இன்னும் கெடுக்கும்.

அதனால பலகை மேல டிரைபாட் வச்சு, ஆளுங்க நடக்கறாங்கன்னா மோட் 1 ஆன். இது பாலக்கோடு அண்ணன் சொன்னதுக்கு விரோதம் இல்லை, அவர் சொன்னது கெட்டியான தரைக்கு. இங்க தரையே அசையுது. ஆனா ஆன்ல இருக்கும்போது பேன் பண்ணாதீங்க. பேன் வேணும்னா ரெண்டாவது கேமராவை நம்புங்க.

அதைவிட நல்ல வழி, நாம பலகை மேல நின்னாலும் டிரைபாட் காலைத் தரையில இறக்கறது. பலகைக்கு முன் ஓரமா மூணு காலும் தரையில நிக்கற மாதிரி உயர்த்திக் கட்டினா நடக்கற அதிர்வு வரவே வராது. பேஸும் ஜெனரேட்டரும் வந்தா ஸ்பீக்கர்ல இருந்து தள்ளிப் போங்க, ஒவ்வொரு காலுக்கு அடியிலயும் பத்து மி.மீ. கெட்டி ரப்பர் துண்டு வைங்க. ஸ்பாஞ்சு வைக்காதீங்க, பேன் பண்ணும்போது டிரைபாடே ஊஞ்சலாடும். நடுக் கம்பத்தை முழுசா இறக்கிடுங்க. மணல் பையை நடுவுல தொங்கவிட்டா அது தரையைத் தொட்டுக்கிட்டு இருக்கணும், ஆடிக்கிட்டு இருந்தா அதுவே ஊசலாகி டிரைபாட்டை ஆட்டும்.

———

பதில் 6: கேஆர்பி அணைக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க அண்ணா. டிஃபரன்ஸ் சோதனை இன்னிக்கு சாயங்காலமே செஞ்சு பாத்துட்டேன். ஆஃப்ல ரெண்டு நிமிஷமும் கறுப்பு. ஆன்ல நாற்பதாவது நொடியில வெள்ளைக் கோடு வந்து, ஒரு நிமிஷம் தாண்டினதும் மறைஞ்சு, மறுபக்கம் வந்துச்சு. சந்தேகமே இல்லை.

இன்னும் ரெண்டு கேள்வி. ஒகேனக்கல்ல பரிசல்ல உக்காந்தும், தொங்கு பாலத்து மேல நின்னும் எடுக்கணும், அங்க எப்படி? கூத்து கிளிப்பைப் பத்தியும் சொல்லுங்க. அப்புறம், பைக் ஹேண்டில்ல மாட்டி தொப்பூர் கணவாய் எடுக்கலாமான்னு ஒருத்தர் கேட்டார்.

———

பதில் 7: தொப்பூர் வளைவு

பைக் ஹேண்டில்ல ஸ்டெபிலைசர் உள்ள லென்ஸையோ போனையோ மாட்டவே மாட்டாதீங்க. சக்தி வாய்ந்த மோட்டார்சைக்கிள் எஞ்சினோட அதிர்வு ஹேண்டில் வழியா நேரா போனுக்குப் போனா கேமராவோட ஸ்டெபிலைசரும் ஃபோகஸும் நாளடைவில் கெடலாம்னு ஆப்பிள் 2021-லேயே ஐபோன்காரங்களுக்கு எச்சரிக்கை போட்டாங்க. மிதக்கற கண்ணாடியைக் காந்தத்தால பிடிச்சு வச்சிருக்கற எந்தக் கருவிக்கும் அதே ஆபத்து உண்டு. அதுக்கு டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷன் மட்டும் உள்ள ஆக்ஷன் கேமரா போதும்.

பரிசல் சுத்தும், ஆடும், பக்கவாட்டில சாயும். டிரைபாட்டுக்கு அங்க இடமே இல்லை. கையில பிடிச்சு, முழங்கையை விலாவோட ஒட்டி எடுங்க. 70-200 வேண்டாம், 24-70 போட்டு பாடி ஸ்டெபிலைசரை ஆன் பண்ணுங்க. காரணம் சொல்றேன்: லென்ஸ் ஸ்டெபிலைசர் மேல்கீழ், இடவலம் ரெண்டைத்தான் திருத்தும். பரிசல் சாயும்போது அடிவானம் சாயறது மூணாவது அச்சு, அதைச் சென்சார்தான் சுழன்று திருத்த முடியும். பரிசல்காரர் வேணும்னே சுத்தி விடுவார், அப்போ எதுவும் பிடிக்காது. சுத்த வேண்டாம்னு முன்னாலயே சொல்லிடுங்க. உயிர்க்கவசம் போட்டு, கேமரா வாரைக் கழுத்துல மாட்டி, லென்ஸுக்கு மழை உறையும் போட்டுக்குங்க. சாரல் முன் கண்ணாடியில படியும், துணி ரெண்டு வேணும்.

தொங்கு பாலம் மெதுவா, பெரிசா ஆடும். பாலத்து மேல டிரைபாட் வச்சா ஆன். இருந்தாலும் ஆளுங்க கூட்டமா நடக்கும்போது ஆட்டம் லென்ஸோட எல்லையைத் தாண்டிடும். கூட்டம் கடந்து போற வரைக்கும் காத்திருந்து, 70 மி.மீ.க்கு மேல போகாம எடுங்க. அருவியை 200ல வேணும்னா பாலத்துல இருந்து இறங்கிப் பாறைக்கு வந்து, ஆஃப் பண்ணிட்டு எடுக்கறதுதான் சரி.

———

பதில் 8: பாலக்கோடு ஃப்ரேம்

கூத்து கிளிப்பைக் காப்பாத்தலாம், மிதப்பு மெதுவானதா இருக்கறதால நல்லாவே வரும். எடிட்டிங் மென்பொருள் டாவின்சி ரிசால்வ்னா, ஸ்டெபிலைசேஷன்ல மோடை டிரான்ஸ்லேஷன்னு வச்சு, கேமரா லாக் டிக் பண்ணுங்க. பிரீமியர்ல வார்ப் ஸ்டெபிலைசர் போட்டு, ரிசல்ட்ல நோ மோஷன், மெத்தட்ல பொசிஷன் மட்டும். முன்னிருப்பா சப்ஸ்பேஸ் வார்ப் இருக்கும், அதை விட்டா திரைச்சீலை தனியா, ஆள் தனியா நெளிவாங்க. கூத்துல வேஷக்காரர் சுத்திச் சுத்தி ஆடுவார். மென்பொருள் அவரைப் பாத்து ஏமாறும். பின்திரையோ பந்தல் கம்போ இருக்கற பகுதியை மட்டும் டிராக்கிங்குக்குக் கொடுத்தா சரியா பிடிக்கும். ஒரே கிளிப்பா பத்து நிமிஷத்தைக் கொடுக்காம ரெண்டு மூணு நிமிஷமா வெட்டிக் கொடுங்க. 4கேல எடுத்து 1080ல கொடுக்கறதா இருந்தா ஓரம் வெட்டறது தெரியவே தெரியாது.

பேன் எகிறின கிளிப் வேற விஷயம். எகிறின நேரத்துல 1/50 ஷட்டர்ல படமே இழுபட்டு மங்கியிருக்கும். நகர்வைத் திருத்தினாலும் மங்கல் அப்படியே நிக்கும், அந்த இடத்துல கட் பண்ணி வேற ஷாட் வைங்க.

கைரோ தகவலை வச்சு கைரோஃப்ளோ மென்பொருள்ல திருத்தப் பழகறதா இருந்தா, எடுக்கும்போதே லென்ஸ் ஸ்டெபிலைசர் ஆஃப்ல இருக்கணும். பாடி அசைஞ்சதை மட்டும் அந்தத் தகவல் சொல்லும். லென்ஸ் உள்ளே கண்ணாடியைத் தள்ளினது அதுல இருக்காது, ரெண்டும் சேர்ந்தா ஏறுமாறா திருத்தும். ஷட்டரையும் 1/200 பக்கம் ஏத்தணும், இல்லேன்னா படம் நிலையா நிக்கும், மங்கல் மட்டும் துடிக்கும். மண்டப விளக்குக்கு 1/200 வச்சா சில எல்இடி கீழ பட்டை ஓடும், முன்னாலயே பத்து நொடி எடுத்துப் பாத்துக்குங்க.

கடைசியா ஒரு பழக்கம். மூட்டை கட்டும்போது முதல்ல ஸ்டெபிலைசரை ஆஃப் பண்ணி, ரெண்டு மூணு நொடி விட்டு, அப்புறம் கேமராவை ஆஃப் பண்ணி, அதுக்கப்புறம் லென்ஸைக் கழட்டுங்க. கண்ணாடி நடுவுக்கு வந்து நிக்க நேரம் கொடுக்கணும். அணைச்ச லென்ஸை ஆட்டினா உள்ளே லேசா கடகடன்னா பயப்படாதீங்க, பல லென்ஸ்ல அது இயல்புதான். ஆன்ல இருக்கும்போது சத்தம் வந்தாலோ, வ்யூஃபைண்டர்ல படம் தானே துள்ளினாலோதான் சர்வீஸுக்குக் கொடுக்கணும். கூத்துக்கு கேமரா மைக்கை மட்டும் நம்பாதீங்க, ஐஎஸ் ஓடற "ஸ்ஸ்" சத்தம் அமைதியான வசனத்துல ஏறிடும்.